அரைநூலார் தண்டு கடைந்த காதை

பத்து விரல் நகங்களிலும் கருமை நீங்காதவரும், காதிடுக்கில் பென்சிலும் சட்டைப்பையில் மயிரிழைக் கனத்தையும் அளக்கும் மைக்ரோமீட்டரும் தரித்தவரும், முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு தண்டையோ ஓர் அச்சையோ ஓர் ஆணியையோ கெடுத்தறியாதவரும், கோபம் வந்தால் வாய் திறவாமல் பஞ்சை எடுத்துக் கை துடைக்கத் தொடங்குபவருமாகிய கடைசல் வேந்தர் அரைநூலார் வாழ்க! அவர் தோள் வாழ்க, தோளில் கிடக்கும் அழுக்குத் துண்டு வாழ்க! திங்கள் தொடங்கிப் புதன் மாலை வரை அவர் நடத்திய பெரும்போரைச் சொல்லப் புகுகின்ற எனக்கு, ஏ எண்ணெய்க் குடுவையே, நீ துணை செய்க. என் நா சிக்குமிடத்தில் இரண்டு சொட்டு விடுக. மூன்றாவது வேண்டாம், வழுக்கும்.

அரைநூலார் என்பது பெற்றவர்கள் இட்ட பெயர் அன்று. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, தமக்கு மூத்த கடைசல்காரர் ஒருவர் பெருமிதத்தோடு நீட்டிய அச்சை வாங்கிப் பார்த்து, ‘அரை நூல் கூட இருக்கு’ என்று சபையறியச் சொன்னவர் அவர். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அதில் பாதி பிசகுக்கே அந்தப் பட்டறை முகம் சுளிக்கும். இவரோ அன்று தொட்டு மயிரிழைக்கும் முகம் சுளித்து வந்தார். கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் சுவரில் மாட்டியிருந்த படம் சாய்ந்திருக்கிறதென்று எழுந்து போய் நிமிர்த்திவிட்டு வந்தாராம். அதைப் பார்த்துத்தான் பெண் சம்மதித்ததாக ஒரு கட்சியும், அதைப் பார்த்தும் சம்மதித்துவிட்டாளே என்று இன்னொரு கட்சியும் இன்றுவரை குடும்பத்தில் உண்டு.

இனி, போருக்குக் காரணமான ஒரு பேரழகியையும் அவள் கூட்டாளிகள் இருவரையும் பற்றிக் கேளுங்கள். தொழிற்சாலையின் வடகோடியில், தகரக் கூரைக்குக் கீழே, ஒற்றை மோட்டாரால் கூரையடியிலுள்ள ஒற்றை ஷாப்டு சுழல, அந்த ஷாப்டிலிருந்து இறங்கும் தோல் பட்டைகளால் உயிர் பெற்று, மூன்று பழைய எந்திரங்கள் நின்றன. முதலாவது, இரும்பைச் சுழற்றிக் கடையும், நாலு ஆள் நீளமுள்ள லேத்து. அதற்குப் பெரியம்மா என்று பெயர். இரண்டாவது, நாளெல்லாம் முன்னும் பின்னும் தலையாட்டிக்கொண்டே இரும்பைச் சீவும் ஷேப்பர். அதற்கு ஆமாஞ்சாமி என்று பெயர். மூன்றாவது, ஒற்றைக்காலில் நின்று மூக்கால் துளை போடும் எந்திரம், அது கொக்கு. மூன்றும் அந்தத் தொழிற்சாலையைவிட வயதில் மூத்தவை. சுவர் எழும்பும் முன்பே அவற்றை நட்டுவிட்டு, பிறகு அவற்றைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்கள் என்று சொல்லுவார்கள்.

அந்தக் காலத்தில் பெரியம்மாவைக் கண்டு நடுங்காத பயலில்லை. கைப்பிடியைத் திருப்பினால் முதல் அரைச் சுற்றுக்கு ஒன்றுமே நகராது, ஏமாற்றும். பிறகு திடீரென்று பிடித்துக்கொண்டு நகரும். இந்தக் குணமறியாமல் வேலை கெட்டவர்கள் அநேகர். அரைநூலாருக்கு மட்டும் அவள் அடங்கினாள். அவளுடைய ஏமாற்று கைப்பிடி வளையத்தில் எத்தனை கோடு, காலையில் எத்தனை, உடம்பு சூடேறிய மத்தியானத்தில் எத்தனை என்பதெல்லாம் அவர் கைக்கு மனப்பாடம்.

இப்படியிருக்க, ஒரு திங்கட்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் ஒரு காகிதம் ஏறியது. இடப்பற்றாக்குறை பற்றிக் கலந்து பேசுவதற்கு நிர்வாகத்துக்கு ஒரு புது மீட்டிங் ரூம் தேவைப்படுவதாலும், அதற்கு இடப்பற்றாக்குறை நிலவுவதாலும், வடகோடியிலுள்ள உபயோகமற்ற எந்திரங்கள் மூன்றும் புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்கு ஒப்படைக்கப்படும் என்றும், ஐந்து மணி தாண்டினால் இந்த உத்தரவு தானாகவே காலாவதியாகும் என்றும் அதில் கண்டிருந்தது. கீழே மேனேஜரின் கையெழுத்து. அரைநூலார் அதை மூன்று முறை படித்தார். ‘எடைக்கு’ என்ற சொல்லில் ஒவ்வொரு முறையும் விரல் வைத்து நின்றார். இன்றைக்கும் கோடு பிசகாமல் வெட்டுகிற ஒருத்தியைத் தராசில் தூக்கிப் போடுவதா என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்தது. வந்தது என்றால் வந்தது, அதை மறைப்பானேன்? துண்டால் துடைத்துக்கொண்டு, கன்னத்தில் கிரீஸ் பூசிய கோலத்தோடு மேனேஜரின் அறைக்குள் நுழைந்தார்.

சுழல்நாற்காலிச் செல்வரும், ‘பார்க்கலாம்’ என்னும் ஒரே அம்பால் ஆயிரம் விண்ணப்பங்களை வீழ்த்தியவருமாகிய மேனேஜர், அவர் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஊருக்கு அப்பாலிருக்கும் தொழிற்பயிற்சிப் பள்ளி அந்த மூன்றையும் ஓட்டிக் காட்டுவதற்காக எடுத்துக்கொள்ளத் தயார் என்று எழுதியே கொடுத்திருக்கிறது, வியாழன் காலையில் லாரி அனுப்புகிறார்கள், ஒரே ஒரு இரவு பொறுத்தால் போதும் என்று அரைநூலார் மன்றாடினார். பள்ளியின் கடிதம் சனிக்கிழமைதான் வந்தது, இரும்புக்காரர் காகிதத்தில் போன வாரமே கையெழுத்தாகிவிட்டது, போட்ட கையெழுத்தை அழிக்க ரப்பர் கிடையாது என்றார் மேனேஜர். வேண்டுமானால் அந்த எந்திரங்கள் உபயோகமற்றவை அல்ல என்று சட்டப்படி நிரூபிக்கட்டும், பார்க்கலாம் என்று சொல்லி நாற்காலியை மறுபக்கம் சுழற்றிக்கொண்டார்.

சட்டம் எங்கே இருந்தது? முதலுதவிப் பெட்டிக்குப் பின்னால், ஒட்டடைக்கு நடுவே, தொழிற்சாலை தோன்றிய நாளில் எழுதி மாட்டிய பட்டறை விதிகளில் இருந்தது. அரைநூலார் ஸ்டூல் போட்டு ஏறித் தூசி ஊதிப் படித்தார். வேலை ஏறியிருக்கும் எந்திரத்தை, அந்த வேலை முடிந்து, அளந்து, வேலைச் சீட்டு மூடப்படும்வரை எவரும் அசைக்கலாகாது. ஒரே ஷாப்டில் ஓடும் எந்திரங்கள் ஒன்றாகவே கருதப்படும். பட்டறை திறந்திருக்கும் வேளையில் கால் மணி நேரம் சீவல் விழாத வேலை கைவிடப்பட்ட வேலை. வேலை கெட்டுப்போனால் புதுத் துண்டு ஏற்றி அதே சீட்டில் தொடரலாம். ஆஹா! பெரியம்மாவின் வாயில் ஒரு தண்டை மாட்டிப் புதன் மாலை ஐந்து வரை கடைந்துகொண்டே இருந்தால் மூன்று பேரும் தப்பினார்கள். ஸ்டூலிலிருந்து இறங்கியபோது அவர் ஒரு சாண் உயர்ந்திருந்ததாக நேரில் கண்டவர்கள் சொல்கிறார்கள்.

ஆனால் தண்டு வேண்டுமென்றால் ஸ்டோருக்குப் போக வேண்டும். ஸ்டோரிலோ வீற்றிருந்தவன் எதிர்ப்படைத் தலைவன்.

அந்த ஸ்டோர்கீப்பரின் பெருமையையும் சொல்லாவிட்டால் பாவம். இடுப்பில் நாற்பத்து மூன்று சாவிகள் குலுங்க நடப்பவன். திருகாணி ஒன்று கேட்டாலும் மூன்று கையெழுத்து வாங்காமல் தராதவன். வடகோடியைக் காலி செய்து கொடுத்தால் புது மீட்டிங் ரூமின் சாவி உனக்கே என்று மேனேஜர் வாக்குக் கொடுத்ததிலிருந்து நாற்பத்து நான்காவது சாவியைக் கனவில் கண்டு வருபவன். இவ்வளவும் போதாதென்று அவன் அரைநூலாரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. இவர் வீட்டு மாடியிலேயே குடியிருப்பவன். ஒரே கேரியரில்தான் இருவருக்கும் மதியச் சாப்பாடு வரும். மேலடுக்கு மாமாவுக்கு, கீழடுக்கு மச்சானுக்கு.

எண்பது மில்லிமீட்டர் கனத்தில் ஒரு தண்டு கேட்டார் அரைநூலார். அவ்வளவு கனமிருந்தால் ஒரு வாரமே கடையலாம்.

“எண்பது ஸ்டாக் இல்லை மாமா. முப்பத்திரண்டுதான் இருக்கு. வேணும்னா கையெழுத்துப் போடுங்க” என்றான் மச்சான். அவனுக்குப் பின்னால் எண்பது மில்லித் தண்டுகள் வரிசையாக அடுக்கிக் கிடந்தன. இருவருமே அவற்றைப் பார்த்தார்கள். இருவருமே பார்க்காத மாதிரி இருந்தார்கள். அரைநூலார் மூன்று கையெழுத்துப் போட்டு முப்பத்திரண்டை வாங்கிக்கொண்டார்.

அடுத்து வேலைச் சீட்டு எழுதினார். தண்டு, ஒன்று. முடிக்க வேண்டிய கனம், இருபது மில்லி. அதன் பக்கத்தில் கூடுதல் குறைவு எவ்வளவு போகலாம் என்று ஒரு கட்டம் உண்டு. ஊரிலுள்ள கடைசல்காரரெல்லாம் அங்கே தங்களுக்குச் சௌகரியமாக ஒரு எண்ணை எழுதிக்கொள்வார்கள். அரைநூலார் முப்பத்தொரு ஆண்டாக எழுதி வந்ததையே அன்றும் பழக்க தோஷத்தில் எழுதினார்: ‘இல்லை’.

முழங்கிற்று மோட்டார்! சுழன்றது ஷாப்டு! சடசடத்தன தோல் பட்டைகள்! ஆமாஞ்சாமி எதுவும் கேட்காமலே தலையாட்டத் தொடங்கினான். பெரியம்மா தண்டைக் கவ்விச் சுழற்ற, அரைநூலார் வெட்டும் டூலை அதன்மேல் வைத்து, நத்தையும் பொறாமைப்படும் வேகத்தில் நகர்த்த, நீலச்சுருள் நீலச்சுருளாகச் சீவல் உதிர்ந்தது. ஒரு கோடியிலிருந்து மறுகோடி போக இருபது நிமிடம். ஒரு நடைக்குக் குறைவது அரை மில்லிக்கும் கீழே. அவசரத்துக்குப் பெயர்போன கடைசல் தொழிலில், ஒரு வேலையை முடிக்காமல் இருப்பதற்காக ஒருவர் இவ்வளவு கஷ்டப்பட்டு வேலை செய்ததை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. நிர்வாகத்தில் மட்டும் அது புதிதில்லை.

எதிரே ஸ்டூல் போட்டு அமர்ந்தான் மச்சான். ஒரு கையில் கைக்கடிகாரம், மறு கையில் ஸ்டோரின் மைக்ரோமீட்டர். சீவல் நிற்கும் நொடியிலிருந்து கால் மணியை எண்ணுவது அவன் விரதம். தண்ணீர் குடிக்க அரைநூலார் நகர்ந்தாலும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தான். மத்தியானம் கேரியர் வந்தது. ஒருவர் மேலடுக்கையும் மற்றவன் கீழடுக்கையும் எடுத்துக்கொண்டு, ஓடுகிற லேத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக நின்றபடியே, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் சாப்பிட்டார்கள். நடுவில் ஒரு தடவை மச்சான் தன் பங்குப் பொரியலைக் கரண்டியால் அள்ளி மாமாவின் அடுக்கில் தள்ளினான். அவருக்குப் பிடித்த காய் அது. போர் தர்மத்தில் அதற்குத் தடை எதுவும் இல்லை.

இரண்டாம் நாள் பதினொன்றே முக்காலுக்கு மின்சாரம் நின்றது. ஐயோ, அந்த நிசப்தத்தை எப்படிச் சொல்வேன்! ஷாப்டு ஓய்ந்தது, பட்டைகள் தொய்ந்தன, ஆமாஞ்சாமி பாதி ஆமோதிப்பில் நின்றான். மச்சான் கடிகாரத்தைக் காதருகே தூக்கினான். இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். பக்கத்துப் பட்டறையிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஐந்தாவது நிமிடம், அரைநூலார் மற்ற இரண்டின் பட்டைகளையும் கழற்றி எறிந்தார். பெரியம்மாவின் பட்டையை இரண்டு கையாலும் பற்றினார். பற்றி இழுத்தார் பாருங்கள், ஐம்பத்தெட்டு வயதுத் தோளில் அப்படியொரு வலு எங்கிருந்துதான் வந்ததோ, கழுத்து நரம்பு புடைக்க, பல் கடிபட, போன வருஷம் டாக்டர் பளு தூக்கக் கூடாதென்று சொன்ன இடுப்பு ‘க்ளக்’ என்று ஒரு சொல் சொல்ல, கூரைவரை போன பட்டை முனகிக்கொண்டு அசைய, தண்டு ஒரு சுற்றுச் சுற்றிற்று. முழங்கையால் கைப்பிடியைத் தள்ளினார். டூலின் நுனியில், வெட்டிய நகம் அளவுக்கு ஒரே ஒரு சீவல் பிறந்தது.

அதை இரண்டு விரலால் எடுத்துப் போய் மச்சானின் உள்ளங்கையில் வைத்தார். பதினான்காவது நிமிடம் நடந்துகொண்டிருந்தது. மச்சான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சீவல்தான். மறுக்க வழியில்லை. கடிகாரத்தை முதலிலிருந்து எண்ணத் தொடங்கினான். மின்சாரம் திரும்ப வந்த பன்னிரண்டு முப்பத்தைந்துக்குள் இப்படி இன்னும் இரண்டு சீவல்களை அவன் ஏற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்று மாலை அரைநூலார் கட்டிலில் குப்புறக் கிடக்க, மனைவியானவள் அவர் இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். தம்பி மாடிப்படி ஏறப் போனவன், அக்காளின் பார்வை பட்டு முதல் படியிலேயே நின்றான். இரண்டு பக்கமும் சொந்தப் படையாகிப்போன அந்த அம்மாள் மூன்று நாளில் வாய் திறந்தது அந்த ஒரு முறைதான்.

“நாளைக்கு யாரு ஜெயிக்கிறீங்களோ ஜெயிங்க. ஆனா அந்த மிஷின் போச்சுன்னா, இவர் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு உட்காரப் போறது நான்தான். நீ மாடிக்குப் போயிடுவே” என்றாள் தம்பியிடம்.

அவன் சாவிகள் குலுங்காமல் இடுப்பைப் பிடித்துக்கொண்டு மாடிக்குப் போனான். மறுநாள் காலையில் ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவன், கடிகாரத்தைப் பார்த்ததைவிட மாமாவைப் பார்த்ததே அதிகம்.

புலர்ந்தது புதன். தண்டு தேய்ந்து தேய்ந்து, இருபத்திரண்டாகி, இருபத்தொன்றாகி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் இருபதரையாகி நின்றது. மூன்று மணிக்கு வாசலில் பழைய இரும்புக்காரரின் லாரி வந்து உறுமி ஓய்ந்தது. சங்கிலிகளும் கடப்பாரைகளும் இறங்கின. டிரைவர் சீட்டில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கினான். அரைநூலார் நடையின் கனத்தை இன்னும் குறைத்தார், இன்னும் குறைத்தார், சீவல் தலைமயிர் மாதிரி விழுந்தது. நாலேகாலுக்கு மச்சான் அளந்து சொன்னான்: இருபதுக்கு மேலே நூறில் மூன்று பங்கு மில்லி.

இங்கே கேட்பவர்கள் சற்று நிமிர்ந்து உட்கார வேண்டும். நூறில் மூன்று என்பது பெரியம்மா வெட்டக்கூடிய மிகச் சன்னமான சீவல். அதைவிடக் குறைத்தால் டூல் தடவிவிட்டுப் போகும், வெட்டாது. சும்மா நின்றாலோ நாலரைக்குக் கால் மணி முடிந்து வேலை கைவிடப்பட்டதாகிவிடும். அந்த மூன்றை எடுத்தாலோ தண்டு மிகச் சரியாக இருபதில் நின்று, வேலை முடிந்து, சீட்டு மூடி, எந்திரம் லாரி ஏறிவிடும். மிச்சம் ஒரே வழிதான்: ஆழமாக வெட்டித் தண்டைக் கெடுப்பது. கெட்ட வேலைக்குப் புதுத் துண்டு ஏற்றலாம் என்று விதியே சொல்கிறது. கைப்பிடியை ஒரு கோடு திருப்பினால் இருபது. பத்துக் கோடு திருப்பினால் விமோசனம். இதைவிடச் சுலபமான வேலை பட்டறையில் இல்லை. போன வாரம் சேர்ந்தவன்கூடத் தினமும் இரண்டு செய்கிறான்.

அரைநூலார் தீர்மானித்துவிட்டார். முப்பத்தொரு வருஷப் பெருமை போனால் போகிறது, பெரியம்மா பிழைத்தால் போதும். ஒரு தண்டு, ஒரே ஒரு தண்டு. கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைப் பற்றினார். பட்டறை மூச்சடக்கியது. பத்து, பத்து என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டே திருப்பினார். மனம் பத்து என்றது. நெற்றி வியர்த்துப் பத்து என்றது. உதடுகூட வாய்விட்டுப் பத்து என்றது. வலக்கை மட்டும் எவர் பேச்சையும் கேட்காமல், பெரியம்மாவின் மத்தியான ஏமாற்று எத்தனை கோடோ அத்தனையையும் ஒழுங்காகத் தள்ளிக் கழித்துவிட்டு, ஒரு கோட்டில் போய் நின்று, இறுக்கிப் பூட்டியும் விட்டது. டூல் நகர்ந்தது. பட்டு நூல் போலச் சீவல் கழன்று விழுந்தது. கண்ணைத் திறந்து அதைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. பத்துக் கோட்டுச் சீவல் அப்படி இராது.

தண்டு கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு சுழன்று நின்றபோது மணி நாலு நாற்பத்தேழு. அரைநூலார் பஞ்சை எடுத்துக் கை துடைக்க ஆரம்பித்தார். மச்சான் எழுந்து வந்தான். மைக்ரோமீட்டரை ஒரு முனையில் வைத்தான், நடுவில் வைத்தான், மறுமுனையில் வைத்தான். மறுபடி ஒரு தடவை வைத்தான். பிறகு மாமாவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தான். இடுப்புச் சாவிகள் ஒருமுறை குலுங்கின.

“பத்தொன்பது புள்ளி ஒன்பது ஏழு” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான். “வேலை கெட்டுப்போச்சு. ரிஜெக்ட்.” சொல்லிவிட்டுச் சீட்டில் அதையே எழுதினான். அத்தோடு நில்லாமல், எண்பது மில்லித் தண்டு ஒன்று தேடினால் கிடைக்கும், எடுத்து வருகிறேன் என்று முணுமுணுத்தபடி ஸ்டோர்ப் பக்கம் திரும்பினான்.

அடடா, அதுவன்றோ வீரம்! நாற்பத்து நான்காவது சாவியைத் தூக்கி எறிந்தான் அந்த மகராசன்! எதிரியே கோட்டையைத் திறந்துவிட்டான்! பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்கு முதலில் புரியவில்லை, புரிந்ததும் ஒருவன் விசிலடித்தான். பெரியம்மா பிழைத்தாள், ஆமாஞ்சாமி பிழைத்தான், கொக்கு பிழைத்தது. வாயை மூடிக்கொண்டு பதின்மூன்று நிமிடம் நின்றிருந்தால் போதும். குழந்தையும் செய்யும்.

ஆனால் அரைநூலாரின் காதில் விழுந்தது ஒரே ஒரு சொல். ரிஜெக்ட். அவர் கடைந்த தண்டு, ரிஜெக்ட். கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது. முகம் முதலில் வெளுத்தது, பிறகு சிவந்தது, பிறகு கிரீஸைத் தவிர வேறெந்த நிறமும் தெரியாதபடி கறுத்தது. மூன்று நாள் போர், மூன்று எந்திரம், வியாழன் காலை வரப்போகும் லாரி, எல்லாம் எங்கோ போயின.

“யாரு கடைஞ்ச தண்டைடா ரிஜெக்ட்ங்கிறே? இருபதுடா அது! அளக்கத் தெரியாதவன் கையில மைக்ரோமீட்டரைக் கொடுத்தது யாரு?”

மச்சான் திரும்பி நின்று கண்ணைச் சிமிட்டினான். இரண்டு கண்ணையும் மாற்றி மாற்றிச் சிமிட்டினான். தூசி விழுந்திருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அரைநூலார் பெரியம்மாவிடம் பாய்ந்தார். லேத்துச் சாவியைப் போட்டுத் திருகி, தம் கையாலேயே அவள் வாயைத் திறந்து தண்டை உருவிக்கொண்டார். ஒரு கையில் தண்டும் ஒரு கையில் சீட்டுமாக, க்ளக் சொன்ன இடுப்பைப் பொருட்படுத்தாமல், வெல்டிங் மேடையைச் சுற்றி, பெயின்ட் டப்பாக்களைத் தாண்டி, தொழிற்சாலையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடினார். பின்னாலேயே “மாமா, மாமா, நில்லுங்க மாமா” என்று நாற்பத்து மூன்று சாவிகளும் அலற மச்சான் ஓடினான். அவனுக்குப் பின்னால் பட்டறை முழுவதும் ஓடியது.

கண்ணாடி அறைக்குள், அளவுப் பரிசோதனை அம்மையார் வீட்டுக்குப் புறப்படக் கைப்பையை மூடிக்கொண்டிருந்தார். பொய் என்பதையே அறியாத கருவிகளுக்கு மத்தியில் இருபது வருஷம் இருந்து தாமும் அப்படியே ஆகிவிட்டவர் அவர். மேசையில் வந்து விழுந்த தண்டைப் பார்த்தார், கைப்பையைக் கீழே வைத்தார். தண்டைத் துணியால் துடைத்தார். சூடு தணியட்டும் என்று இரண்டு நிமிடம் காத்திருந்தார். மூன்று இடத்தில், மூன்று முறை, மூன்று கருவியால் அளந்தார். மச்சான் கண்ணாடிக்கு வெளியே நின்று கையைக் காலை ஆட்டி என்னென்னவோ ஜாடை காட்டினான். அம்மையார் தலை நிமிரவில்லை.

“இருபது. எங்க அளந்தாலும் அப்படியே இருபது. இந்தக் கட்டடத்துல இதுவரைக்கும் இப்படி ஒண்ணு நான் அளந்ததில்லை” என்றார் அவர். ரிஜெக்ட் என்ற சொல்லைச் சிவப்பு மையால் அடித்தார். பக்கத்தில் ‘சரி’ என்று முத்திரை குத்தினார். வேலை முடிந்தது என்ற இடத்தில் கையெழுத்திட்டு, நேரம் நாலு ஐம்பத்தேழு என்று குறித்து, சீட்டை மூடினார்.

வென்றார் அரைநூலார்! தண்டைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தார்! மாலை வெயில் அதன்மேல் பட்டு ஓட, மயிரிழைகூடக் கோணாமல், ஒரு கீறலுமின்றி, தலை முதல் கால்வரை இருபது மில்லியாக அது சுடர்விட்டது. பட்டறை கை தட்டியது. இத்தனை வருஷமாக அவரைக் கேலி பேசிய வெல்டர்கூடக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தான். அரைநூலார் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பி, தோற்றுப்போன மச்சானைப் பார்த்தார். மச்சான் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தான்.

“உங்களுக்காகத்தான் மாமா பொய் சொன்னேன்” என்றான்.

உயர்த்திய கை அப்படியே நின்றது. அதற்கு அப்புறம்தான் வடகோடியிலிருந்து சங்கிலிச் சத்தம் கேட்டது. சீட்டு மூடியாகிவிட்டது, ஐந்துக்கு இன்னும் மூன்று நிமிடம் இருந்தது, பெரியம்மாவின் வாயில் வேலை எதுவும் இல்லை. மேனேஜர் நேரில் வந்து, கைக்கடிகாரத்தையும் சீட்டையும் சரிபார்த்து, ஐந்து அடிப்பதற்குள் மூன்றையும் இரும்புக்காரரிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டு, எல்லாம் முறைப்படி நடந்திருக்கிறதென்று திருப்தி தெரிவித்து, இப்படி ஒரு தண்டைக் கடைந்தவருக்கு நிர்வாகத்தின் பாராட்டையும் சொல்லிவிட்டுப் போனார். ஆமாஞ்சாமியைச் சாய்த்துக் கட்டினார்கள். அவன் அதற்கும் தலையாட்டினான். கொக்கைக் காலோடு பெயர்த்தார்கள். பெரியம்மா மட்டும் ஒன்பது பேர் சேர்ந்தும் அசையாமல், தரையைக் கீறிக்கொண்டு, இருட்டும் நேரத்துக்குத்தான் வாசலைத் தாண்டினாள். அரைநூலார் தண்டைக் கையில் பிடித்தபடி கடைசிவரை அங்கேயே நின்றார். மச்சானும் கூட நின்றான். யாரும் அவர்களை நகரச் சொல்லவில்லை.

மறுநாள் காலை பத்தேகாலுக்குப் பள்ளிக்கூடத்து லாரி வந்து, அந்தத் தண்டை மட்டும் ஏற்றிக்கொண்டு போனது.